மணிக்கூட்டின் முதுகில் உள்ள எண்களை வாசிப்பது எப்படி: பற்றரி, கண்ணாடி, வார் தேடுவோருக்கு முழு வழிகாட்டி

"சீகோ ஃபைவ் அண்ணன், நீல டயல்." கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் தொடங்குவார்கள். இதை வைத்துக்கொண்டு ஒரு பாகமும் வாங்க முடியாது. சீகோ ஃபைவ் என்ற பெயரில் வந்த மணிக்கூடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றின் கண்ணாடி இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு மணிக்கூடு திருத்துகிறேன். எங்கள் பக்கம் உதிரிப்பாகம் பெரும்பாலும் கொழும்பு புறக்கோட்டையிலிருந்துதான் வரவேண்டும். எண்ணைச் சரியாகச் சொன்னால் இரண்டு நாளில் பஸ் பார்சலில் வந்துவிடும். பிழையாகச் சொன்னால் ஒரு கிழமை போய்விடும், காசும் மாட்டிக்கொள்ளும். வேலை பழக வந்த தம்பிமார் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று பார்த்த பிறகுதான் கீழே உள்ள ஒழுங்கை அமைத்தேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

ஒரு விடயம். எண்களுக்கு நடுவே வரும் ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். 7எஸ்26 என்று நான் எழுதினால், மணிக்கூட்டில் 7, பிறகு ஆங்கில எஸ், பிறகு 26 என்று இருக்கும்.

1. என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு மணிக்கூட்டில் ஓர் எண் மட்டும் இருக்கும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பொதுவாக நான்கு வகை எண்கள் இருக்கும். மெஷின் (உள்ளே ஓடும் இயந்திரம்) எண், கேஸ் (வெளிக்கூடு) எண், தொடர் எண், விற்பனை மாடல் எண்.

பற்றரி மாற்ற மெஷின் எண் போதும். கண்ணாடி, பின்மூடி, ரப்பர் வளையம் வேண்டுமென்றால் கேஸ் எண் வேண்டும். எந்த வருடத்து மணிக்கூடு என்று அறியத் தொடர் எண். அதே நிறத்தில் அதே மணிக்கூட்டை இன்னொன்று வாங்க விற்பனை மாடல் எண். இந்தக் கடைசி எண் பல கொம்பனிகளின் மணிக்கூட்டு முதுகில் இருக்கவே இருக்காது. பெட்டியிலோ, வாங்கும்போது தொங்கிய அட்டையிலோதான் இருக்கும்.

வாருக்கு மட்டும் எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வார் பூட்டும் இரண்டு கொம்புகளுக்கும் இடைப்பட்ட அகலத்தை மில்லிமீற்றரில் அளந்தால் போதும். 18, 20, 22 என்றுதான் பெரும்பாலும் வரும். கேசியோவின் பிளாஸ்ரிக் வார்கள் மட்டும் விதிவிலக்கு. அவை கேஸின் உருவத்துக்கு வெட்டப்பட்டவை, அவற்றுக்கு மாடல் எண் கட்டாயம்.

2. கையில் இருக்க வேண்டியவை

பழைய மென்மையான பல்துலக்கி, ஒரு சொட்டுச் சவர்க்காரம் கலந்த தண்ணீர், மரத்தால் ஆன பற்குச்சி, பருத்தித் துணி. கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ், ஐந்து மடங்கு பெருக்குவது போதும். கைபேசி, ஒரு டோர்ச், மில்லிமீற்றர் அடிமட்டம், பென்சில், மெல்லிய வெள்ளைத்தாள், ஒரு கொப்பி.

கொப்பி எதற்கு என்று கேட்பார்கள். எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இரண்டாவது தேடலிலேயே ஓர் எழுத்தை மாற்றிவிடுகிறார்கள். நான் பார்த்த பிழைகளில் பெரும்பங்கு இதுதான்.

3. துடைத்த பிறகே வாசியுங்கள்

எங்கள் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் பின்மூடியின் எழுத்துக் குழிகளில் கறுப்புக் களிம்பு படிந்திருக்கும். நாவலடி, கல்லடிப் பக்கத்தில் தோணி ஏறுகிறவர்களின் மணிக்கூட்டில் உப்பு இறுகியிருக்கும். சம்மாந்துறைப் பக்கம் வயலில் இருந்து நேரே வருகிற மணிக்கூடுகளில் கொம்பின் உள்மூலை முழுக்கச் சேறு. அழுக்கு மூடிய 8, 3 போலத் தெரியும். ஆங்கில எழுத்து பி, 8 போலத் தெரியும்.

சாவி, அதாவது நேரம் வைக்கத் திருகும் பக்கத்துக் குமிழ், நன்றாக உள்ளே அழுத்தி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி வெடித்த மணிக்கூட்டில் தண்ணீரே வேண்டாம், உலர்ந்த பல்துலக்கியோடு நில்லுங்கள். மற்றவற்றுக்குப் பல்துலக்கியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து உதறிவிட்டு, ஈரம் மட்டும் இருக்கும்படி தேய்க்க வேண்டும். குழிக்குள் இருப்பதைப் பற்குச்சியால் எடுங்கள். ஊசியால் கிளறினால் எண்ணின் மேல் புதுக் கீறல் விழும்.

பித்தளை விளக்கு மினுக்குகிற பொலிஷ் போடவே வேண்டாம். மணிக்கூடு பளபளக்கும், ஆனால் ஆழமில்லாத எழுத்துகள் அதோடு போய்விடும். தேய்த்துத் தேய்த்து வெறுமையாகிப்போன முதுகோடு வந்த மணிக்கூடுகளுக்குப் பிறகு திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

4. சாய்வான வெளிச்சம், ஒரு படம், பிறகு எழுத்து

நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் உருக்கு மினுங்கி எழுத்து மறையும். டோர்ச்சைப் பக்கவாட்டில், மேசையோடு ஒட்டிப் பிடியுங்கள். குழிகளில் நிழல் விழுந்து எண் எழும்பி நிற்கும்.

கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளைப் பின்மூடியில் வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்க்கவும். சின்ன வயதில் ஒரு ரூபாய்க் குற்றியைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்தோமே, அதே முறைதான். குழியில் கொஞ்சம் சோக்குத்தூள் தடவித் துடைத்தாலும் எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

இப்போது கொப்பியில் எழுதுங்கள். கோடு இருந்தால் கோட்டையும், இடைவெளி இருந்தால் இடைவெளியையும் அப்படியே எழுத வேண்டும். சந்தேகமான எழுத்துக்குக் கீழே கோடிடுங்கள். ஓ எழுத்தும் சைபரும், எஸ்ஸும் 5உம், பியும் 8உம், ஐயும் 1உம், ஜியும் 6உம் மாறக்கூடியவை. ஊகித்து எழுதினால் அடுத்த படிகள் எல்லாமே அந்த ஊகத்தின் மேல்தான் நிற்கும்.

5. எண் அல்லாதவற்றை வெட்டிவிடுங்கள்

பின்மூடியில் இருப்பதில் பாதி வெறும் விவரம். துருப்பிடிக்காத உருக்கு, அடியில் சாதாரண உலோகம், நீர் தாங்கும் அளவு, எந்த நாட்டு மெஷின், எங்கே பூட்டப்பட்டது என்பவை அதில் வரும். 5 பார், 10 பார், 100 எம் என்பவை நீர் தாங்கும் அளவைச் சொல்பவை. "21 ஜுவல்ஸ்" என்பது மெஷினுக்குள் இருக்கும் கற்களின் எண்ணிக்கை. "ஜப்பான் மூவ்ட்" என்பது மெஷின் ஜப்பானைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்கிறது, எந்த மெஷின் என்று சொல்லாது.

இவற்றின் மேல் மெல்லிய கோடு போடுங்கள். மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ வரிதான். இனி அவற்றோடுதான் வேலை.

6. சீகோ: கோட்டுக்கு முன் மெஷின், பின் கேஸ்

எங்கள் பக்கத்தில் அதிகம் திருத்த வருவது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் கூட நேரம் நிற்கிறேன்.

சீகோவின் முதுகில் நான்கு எழுத்து, ஒரு கோடு, மறுபடி நான்கு எழுத்து என்று ஒரு வரி இருக்கும். உதாரணம் 7எஸ்26-0020. முதல் நான்கு மெஷின், அடுத்த நான்கு கேஸ். இரண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி கிடைக்கும். "7எஸ்26 கண்ணாடி ஒன்று அனுப்புங்கள்" என்று கேட்பது, "எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சப்பாத்து ஒன்று தாருங்கள்" என்று கேட்பதைப் போன்றது. 7எஸ்26-0020, 7எஸ்26-0030, 7எஸ்26-02ஜே0 மூன்றிலும் ஒரே மெஷின்தான். கேஸ்கள் வேறு வேறு. முதலாவதன் வார் அகலம் 22 மில்லிமீற்றர், இரண்டாவது 20, மூன்றாவது 18.

ஆனால் கேஸ் எண் நிறத்தைச் சொல்லாது. எஸ்கேஎக்ஸ்007 என்ற விற்பனை மாடலில் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு வளையம், எஸ்கேஎக்ஸ்009 நீலமும் சிவப்பும் கலந்த வளையம். இரண்டின் முதுகிலும் 7எஸ்26-0020 என்றுதான் இருக்கும். எஸ்என்கே803, 805, 807, 809 நான்கிலும் டயல் நிறம் வேறு, முதுகில் ஒரே 7எஸ்26-02ஜே0. கண்ணாடி வாங்க இது ஒரு குறையே அல்ல. டயல் வாங்கவும் முழு மணிக்கூடு வாங்கவும் விற்பனை மாடல் எண்ணைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். கேஸ் எண்ணை இணையத்தில் அடித்து, வருகிற படங்களில் உங்கள் டயலோடு ஒத்துப்போவதைப் பாருங்கள்.

மாடல் எண்ணின் கடைசியில் வரும் கே1, கே2, ஜே1 போன்றவற்றையும் விடாமல் எழுதுங்கள். எஸ்கேஎக்ஸ்007கே1 றப்பர் வாரோடு வந்தது, கே2 உருக்குச் செயினோடு வந்தது.

இப்போது முக்கியமான பிழை. டயலின் அடிப்பக்கத்தில், 6 மணிக்குக் கீழே, லென்ஸ் இல்லாமல் தெரியாத அளவில் ஒரு வரி இருக்கும். அதுவும் நான்கு எழுத்து, கோடு, நான்கு எழுத்து என்றே இருப்பதால் மாடல் எண் போலத் தோன்றும். அது டயலின் எண். முதல் பாதி முதுகோடு ஒத்துப்போகும், இரண்டாம் பாதி வேறாக இருக்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்ததை மேசையில் அவிழ்த்து வைத்தார். "என்ட மகன்ட மணிக்கூடு தம்பி. கண்ணாடிய மட்டும் போட்டுத் தாங்க" என்றார். முதுகு அழுக்காக இருந்தது, டயல் சுத்தமாக இருந்தது. நான் அவசரத்தில் டயலின் வரியை எழுதி அனுப்பிவிட்டேன். வந்த கண்ணாடி ஒரு மில்லிமீற்றர் பெரிது. அந்த அம்மா அதற்காக இரண்டாம் முறையும் பஸ் ஏறி வந்து நின்றது எனக்கு இன்றைக்கும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து துடைக்காமல் எதையும் வாசிப்பதில்லை.

தொடர் எண் ஆறு இலக்கம், தனியாக இருக்கும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை அப்படியே, ஒக்ரோபருக்கு சைபர் அல்லது ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 5என் என்று தொடங்கினால் ஏதோ ஒரு ஐந்தில் முடியும் வருடத்து நவம்பர். பத்தாண்டை எண் சொல்லாது, மெஷினை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 7எஸ்26 வந்தது 1996இல். ஆகவே அது 1995 ஆக முடியாது, 2005 அல்லது 2015.

மெஷின் எண் இன்னொரு வீண் சண்டையையும் தீர்க்கும். "சாவி சுற்றினால் ஏறுதில்லை, பழுது" என்று கொண்டுவருவார்கள். 7எஸ்26இல் சாவியால் ஏற்றும் வசதியே இல்லை, கையில் கட்டி நடந்தால்தான் ஏறும். 4ஆர்36இல் சாவியாலும் ஏற்றலாம், சாவியை இழுத்தால் வினாடி முள்ளும் நிற்கும். எண்ணைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

7. கேசியோ: கட்டத்துக்குள் இருக்கும் எண்

கேசியோவின் முதுகில் ஒரு சிறிய கட்டத்துக்குள் மூன்று அல்லது நான்கு இலக்கம் இருக்கும். அதுதான் மெஷின் எண். மாடல் பெயர் அதற்குப் பக்கத்திலோ கீழேயோ தனியாக இருக்கும். எஃப்-91டபிள்யூ என்ற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் கட்டுகிற மணிக்கூட்டை எடுத்தால் 593 என்றும் எஃப்-91டபிள்யூ என்றும் இரண்டும் இருக்கும்.

இரண்டையும் எழுத வேண்டும். காரணம் இருபக்கமும் உண்டு. ஏ158டபிள்யூ என்ற வெள்ளிநிறச் செயின் மணிக்கூட்டிலும் 593தான். ஒரே பற்றரி, ஒரே பொத்தான் முறை, ஆனால் வாரும் கேஸும் வேறு. மறுபக்கம், டிடபிள்யூ-5600இ என்ற ஜி-ஷொக்கில் 1545 உம் உண்டு, 3229 உம் உண்டு. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. நேரம் வைக்கும் கையேட்டைக் கேசியோவின் இணையத்தளத்தில் தேடும்போது கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

பெட்டியில் மாடல் பெயரோடு இன்னொரு வால் இருக்கும். எஃப்-91டபிள்யூ-1 என்பதில் கடைசி 1 கறுப்பு. 2 நீலம், 3 பச்சை, 4 சிவப்பு, 7 வெள்ளை, 9 பொன்னிறம் அல்லது மஞ்சள். முள் மணிக்கூடுகளில் எம்டிபி என்று தொடங்குவது ஆண்களுக்கு, எல்டிபி பெண்களுக்கு. எம்டிபி-வி001டி என்றால் உருக்குச் செயின், எம்டிபி-வி001எல் என்றால் தோல் வார். நிறத்தைச் சொல்லும் வால் மணிக்கூட்டு முதுகில் இருக்காது. அதைக் கடையில் கேட்கும்போது வாயால் சொல்லுங்கள், அல்லது முகப்பின் படத்தை அனுப்புங்கள்.

எஃப்-91டபிள்யூவில் ஒரு சோதனை இருக்கிறது. வலப்பக்கப் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்ற பெயர் ஆங்கிலத்தில் வரும். முதுகில் எண் சரியாக இருந்தும் இது வராவிட்டால் உள்ளே இருப்பது வேறொன்று. அதற்கு 593இன் பாகம் வாங்க வேண்டாம்.

8. சிட்டிசன்: தவறான வரி கண்ணில் முதலில் படும்

சிட்டிசன் முதுகில் ஜிஎன்-4டபிள்யூ-எஸ் போன்ற ஒரு வரி இருக்கும். வந்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மாடல் என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். அது மாடல் அல்ல. இதே வரி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சிட்டிசன்களில் இருக்கும். இணையத்தில் அடித்தால் நூறு விதமான மணிக்கூடு வருவது அதனால்தான்.

நீங்கள் தேட வேண்டியது நான்கு எழுத்து, ஒரு கோடு, அதற்குப் பிறகு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்து உள்ள வரி. முதல் நான்கு மெஷின். 8200 என்றால் தானாக ஏறும் மெஷின். இ111, இ168 என்றால் எக்கோ டிரைவ், வெளிச்சத்தில் சார்ஜ் ஆவது.

எக்கோ டிரைவ் என்று தெரிந்தவுடன் சாதாரணப் பற்றரியைக் கீழே வையுங்கள். அதன் உள்ளே இருப்பது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஆகும் செல். வெளிச்சம் படும்போதெல்லாம் மெஷின் அதற்குள் மின்சாரம் ஏற்றும். சார்ஜ் செய்யக்கூடாத பற்றரியை அங்கே போட்டால் அது பொங்கிக் கசிந்து மெஷினையே தின்றுவிடும். கை அசைவில் சார்ஜ் ஆகும் சீகோ கைனெட்டிக்கிலும் இதே ஆபத்து. நின்றுபோன எக்கோ டிரைவ் வந்தால் முதலில் காலை வெயில் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பாருங்கள், பிறகு திறக்கலாம்.

9. டைட்டன், டிசோட்

டைட்டனில் வேலை சுலபம். 1580ஒய்எல்03 என்று இருந்தால் முதல் நான்கு இலக்கம் மாடல், ஒய் பொன்னிறக் கேஸ், எல் தோல் வார், 03 டயலின் வகை. எஸ் என்றால் வெள்ளிநிறம், பி என்றால் இரண்டு நிறம், எம் என்றால் உலோகச் செயின். முன்னால் என் போன்ற எழுத்து ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கட்டார், துபாயிலிருந்து வருகிறவர்கள் டிசோட் கொண்டுவருகிறார்கள். முதுகில் டி137410ஏ போலச் சுருக்கமாக இருக்கும். முழு எண் டி137.410.11.041.00 என்று நீளும். டி137 குடும்பம், 410 குவாட்ஸ் (பற்றரியில் ஓடும்) மெஷின், 11 உருக்குச் செயின், 041 நீல டயல். 11 இருக்கும் இடத்தில் 16 இருந்தால் தோல் வார். முதுகில் இருப்பது முதல் இரண்டு பகுதி மட்டுமே. பற்றரிக்கும் கண்ணாடிக்கும் அது போதும்.

10. எண்ணே இல்லாவிட்டால்

பெயர் தெரியாத மணிக்கூடுகளில் முதுகு வெறுமையாக இருக்கும், அல்லது மலிவு உலோகத்தை வேர்வை அரித்துவிட்டிருக்கும். அப்போதுதான் திறக்க வேண்டும். இந்தப் படியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தூசு போகும், ரப்பர் வளையம் நெளியும், நீர் தாங்கும் தன்மை குறையும்.

விளிம்பில் சிறு பள்ளம் ஒன்று தெரிந்தால் அழுத்திப் பூட்டிய மூடி, அந்தப் பள்ளத்தில் மட்டும் கத்தியை வையுங்கள். சுற்றிவர ஆறு வெட்டுகள் இருந்தால் திருகும் மூடி, அதற்குரிய திறக்கும் கருவி இல்லாமல் கத்தரிக்கோல் நுனியால் முயலவே வேண்டாம். கீறல் விழும், கையும் வெட்டுப்படும். மூட்டே தெரியாத ஒற்றைக் கேஸ் என்றால் அது முன்பக்கம், கண்ணாடி வழியாகத் திறப்பது. அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

குவாட்ஸ் என்றால் பற்றரிக்குப் பக்கத்து உலோகத் தகட்டில் மெஷின் எண் இருக்கும். மலிவு மணிக்கூடுகளில் அடிக்கடி காண்பது மியோட்டா 2035. பற்றரி இல்லாத பழைய சுவிஸ் மணிக்கூடுகளில், இடமும் வலமுமாக ஆடும் சக்கரத்துக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு சின்னக் குறியும் எண்ணும் இருக்கும். ஈட்டிஏ 2824-2 என்பதை அங்கேதான் பார்ப்பீர்கள். சக்கரத்தைத் தொடாமல் லென்ஸால் மட்டும் பாருங்கள். அதன் மயிரிழைச் சுருளில் விரல் பட்டாலே நெளிந்துவிடும்.

மூடியின் உட்பக்கத்தையும் பாருங்கள். பழைய ஒமேகாக்களில் மாடல் எண் அங்கேதான். அதோடு கையால் கீறிய எண்களும் இருக்கும். அவை முன்பு திருத்தியவர் தன் நினைவுக்குப் போட்ட திகதியும் குறியும், மாடல் அல்ல. அச்சுப் பதிந்த எழுத்து நேராகவும் ஒரே ஆழத்திலும் இருக்கும், கீறியது ஆழம் மாறி வளையும்.

11. பற்றரியில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

உள்ளே இருக்கும் பற்றரியை எடுத்து, "இதே மாதிரி ஒன்று" என்று வாங்குவது எல்லாரும் செய்வது. முன்பு மாற்றியவர் பிழையானதைப் போட்டிருந்தால் அந்தப் பிழை உங்கள் கைக்கும் வரும். மெஷின் எண்ணைப் பார்த்துத்தான் பற்றரியைத் தீர்மானிக்க வேண்டும். மியோட்டா 2035 என்றால் எஸ்ஆர்626எஸ்டபிள்யூ. சீகோ 7என்43 என்றால் எஸ்ஆர்920எஸ்டபிள்யூ. கேசியோ 593 என்றால் சிஆர்2016.

எண்ணுக்குள்ளேயே அளவு இருக்கிறது. 626இல் கடைசி 26 தடிப்பு, 2.6 மில்லிமீற்றர். 621 அதே அகலம், ஆனால் 2.1. 626 வேண்டிய இடத்தில் 621 போட்டால் முதல் நாள் ஓடும், பஸ்ஸில் குலுங்கினால் நின்றுவிடும். 2016 என்பது 20 மில்லிமீற்றர் அகலம், 1.6 தடிப்பு. 2025ஐ அங்கே திணித்தால் தகடு வளையும்.

எஸ்ஆர் வெள்ளி ஒக்சைட், 1.55 வோல்ற். எல்ஆர் அல்கலைன், மலிவு, ஆனால் மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும், கசியும் வாய்ப்பும் கூட. மணிக்கூட்டுக்கு எஸ்ஆர்தான் போடுங்கள். வேறு கொம்பனி அட்டைகளில் இதே பற்றரிக்கு மூன்று இலக்க எண் இருக்கும். 377 என்றால் 626, 364 என்றால் 621, 371 என்றால் 920.

12. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா?

காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். சீகோவில் முதுகின் முதல் நான்கு எழுத்தும் டயலின் முதல் நான்கும் ஒன்றாக இருக்கிறதா? முதுகில் எழுதிய மெஷின்தான் உள்ளே இருக்கிறதா? இணையத்தில் அந்த எண்ணுக்கு வரும் படத்தின் முள், சாவி இருக்கும் இடம், திகதிச் சன்னல் எல்லாம் உங்களுடையதைப் போல இருக்கிறதா?

இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் பல மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். புது நிறம் பூசிய டயலோடு வரும் பழைய சீகோ ஃபைவ்களில் இது சாதாரணம். ஓடாது என்று அர்த்தமில்லை. ஆனால் அதற்குக் கண்ணாடி வாங்கும்போது எண்ணை விட்டுவிட்டு, பழைய கண்ணாடியைக் கழற்றி விட்டத்தையும் தடிப்பையும் அளந்துதான் வாங்க வேண்டும்.

13. கடைக்கு எழுதி அனுப்புவது

தொலைபேசியில் எண்ணைச் சொல்ல வேண்டாம். பியும் டியும் ஜியும் காதில் ஒரே மாதிரி விழும். எழுதி அனுப்புங்கள், இப்படி:

"சீகோ. முதுகு எண் 7எஸ்26-0020. கறுப்பு டயல், கறுப்பு வளையம். வேண்டியது கண்ணாடி மட்டும். படம் இரண்டு, முகமும் முதுகும்."

மெஷினையும் கேஸையும் சேர்த்து எழுதியிருக்கிறோம், எந்தப் பாகம் என்று சொல்லியிருக்கிறோம், நிறம் படத்தில் இருக்கிறது. பாகத்தின் சொந்த எண் தெரிந்தால் இன்னும் நல்லது. இந்த 0020 கேஸின் கண்ணாடிக்கு 315பி15எச்என்02 (இந்தப் பி, பென்சில் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) என்று தனி எண் உண்டு. அதில் முதல் 315 என்பது விட்டம், 31.5 மில்லிமீற்றர். அடிமட்டத்தை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

மணிக்கூட்டை விற்பதற்காகப் படம் போடுகிறீர்கள் என்றால் தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை விரலால் மறையுங்கள். அந்த எண் உங்கள் மணிக்கூட்டுக்கு உரியது, அதை எடுத்து வேறொருவர் தன்னுடையது என்று காட்டக்கூடாது.

பார்சல் வந்ததும் உறையைக் கிழிக்காமல் மேலே ஒட்டியிருக்கும் எண்ணைக் கொப்பியில் எழுதியதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அப்படியே திருப்பி அனுப்பலாம். உறை கிழிந்த பாகத்தைப் பெரும்பாலும் ஒருவரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.